நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கடைக்காரர் என்ன தருகிறார்?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என் ஹால் 12-க்கு 15 அடி, மொசைக் தரை. பாட்டு கேட்பதற்கென்றே நல்லதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்க ஆசை. நான் பார்த்து வைத்திருக்கும் மாடலுக்குச் சென்னை டீலர் 2 லட்சத்து 20 ஆயிரம் சொல்கிறார். சீல் பிரிக்காத அதே மாடலை இன்னொருவர் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்குத் தருகிறார். வாரண்டி பற்றிக் கேட்டால், 'ஸ்பீக்கர்ல கெட்டுப்போக என்ன சார் இருக்கு?' என்கிறார். 40 ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவா?"

அந்த இரண்டாவது கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. நீங்கள் வாங்குவது எந்த வகை ஸ்பீக்கர் என்பதைப் பொறுத்தது. ஆம்ப்ளிஃபயரைத் தனியாக வாங்கி ஒயரில் இணைக்கிற பேஸிவ் ஸ்பீக்கர் என்றால், உள்ளே இருப்பது மிகக் கொஞ்சம்தான்: மரப்பெட்டி, சத்தம் எழுப்பும் இரண்டோ மூன்றோ டிரைவர், சத்தத்தைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர். கீழ்ச் சத்தம் தரும் பெரிய டிரைவரான ஊஃபரைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராக இருந்தால் இருபது வருடம்கூட உழைக்கும். ஃபோம் விளிம்புதான் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிந்து உதிரும். ஆம்ப், வைஃபை, ப்ளூடூத் எல்லாம் பெட்டிக்குள்ளேயே வரும் ஆக்டிவ் ஸ்பீக்கரின் கதை வேறு. கெஃப் நிறுவனம் 2020-ல் எல்எஸ்50 மெட்டா என்று ஒன்றையும், எல்எஸ்50 வயர்லெஸ் 2 என்று இன்னொன்றையும் வெளியிட்டது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். முதலாவதில் கரண்டில் சொருக ஒன்றுமில்லை. இரண்டாவதற்குள் ஒரு முழு ஆம்ப்பும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் உட்கார்ந்திருக்கின்றன. வோல்டேஜ் ஏறி இறங்கும் வீட்டில் எது முதலில் படுக்கும் என்று உங்களுக்கே தெரியும். பல நிறுவனங்கள் பேஸிவுக்கு 5 வருடமும் ஆக்டிவுக்கு 2 வருடமும் வாரண்டி தருவது இதனால்தான்.

ஆக, ஆக்டிவ் என்றால் யோசிக்கவே வேண்டாம், வாரண்டியுள்ள கடைதான். பேஸிவ் என்றால், ஸ்பீக்கரை வாங்கிய பிறகு கடைக்காரரின் உதவி அதிகம் தேவைப்படாது. வாங்குவதற்கு முன்புதான் தேவை. அந்த உதவி கிடைக்காவிட்டால் 40 ஆயிரம் கூடக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

நான் சொல்லும் உதவி, வீட்டில் போட்டுக் கேட்டுப் பார்க்கும் வசதி. கடையின் டெமோ அறையில் கம்பளம், திரைச்சீலை, மெத்தென்ற சோபா எல்லாம் இருக்கும். உங்கள் ஹாலில் மொசைக் தரையும் வெறும் சுவரும். அங்கே தேனாக இழைந்த ட்வீட்டர் (மேல் சத்தம் தரும் குட்டி டிரைவர்) இங்கே பல் கூசவைக்கலாம். கீழ்ச் சத்தத்தில் சிக்கல் இன்னும் பெரிது. 12 அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முழக்கம் எழும். 15 அடி நீளத்தில் 38 பக்கம். பேஸ் கிடாரின் அடி ஸ்வரம் 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதாவது இளையராஜா பாட்டுகளில் நீங்கள் ஆசையாகத் தேடும் பேஸ், ஒரு ஸ்வரத்தில் வீங்கியும் அடுத்த ஸ்வரத்தில் காணாமல் போயும் கேட்கலாம். இது ஸ்பீக்கரின் குற்றமில்லை, விலை ஏறினால் தீருவதுமில்லை. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தால் அடங்குமா, சின்ன ஸ்பீக்கரே போதுமா என்பதெல்லாம் உங்கள் ஹாலில் கேட்டால்தான் தெரியும். (பெரிய ஸ்பீக்கர் வேண்டாம் என்று சொல்லி லாபத்தை விட்டுக்கொடுத்த ஒரு கடைக்காரரை எனக்குத் தெரியும். இன்றுவரை அவரிடம்தான் வாங்குகிறேன்.)

கடையில் ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. இரண்டு ஸ்பீக்கரின் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தம் கூடினாலே நம் காதுக்கு அது 'தெளிவு' என்று தோன்றிவிடும். கண்ணும் ஏமாற்றும். ஒலி ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் கொடுத்த மதிப்பெண், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது மாறியது. முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள், மாற்றி மாற்றிப் போடும் வேலையை வீட்டுக்காரம்மாவிடமோ பையனிடமோ விடுங்கள்.

அப்புறம் டீலரிடம் ஒரே ஒரு கேள்வி: "இதற்கு ட்வீட்டர் மட்டும் தனியாக என்ன விலை, எத்தனை நாளில் வரும்?" பேஸிவ் ஸ்பீக்கரில் உண்மையிலேயே போகிற சாமான் ட்வீட்டர்தான். சின்ன ஆம்ப்பை முழுக்கத் திருகி, சத்தம் கரகரக்கும்போதும் விடாமல் ஓட்டினால் அதன் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். பெரும்பாலும் இதை வாரண்டியில் ஏற்க மாட்டார்கள். ஆகவே வாரண்டி அட்டையைவிட உதிரி பாகம் கிடைக்கிறதா என்பதுதான் முக்கியம். இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர் ஏற்கனவே நாலு பேருக்கு மாற்றிக் கொடுத்திருப்பார். "அதெல்லாம் போகாது சார்" என்பவரும் அந்த 1 லட்சத்து 80 ஆயிரக்காரரும் எனக்கு ஒன்றுதான்.

எங்கே வாங்கினாலும் சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த நம்பரை நிறுவனத்தின் இந்திய இறக்குமதியாளருக்கு அனுப்பி, அவர்கள் வழியாக வந்த சரக்குதானா என்று கேட்டுவிடுங்கள். தகராறு வந்தால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருச்சியிலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்ச ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். பில் இல்லாமல் இதிலெல்லாம் இறங்குவது கஷ்டம்.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன்? சென்னை டீலரிடம் விலை பேசுவதற்கு முன், "சனி, ஞாயிறு இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்கத் தருவீர்களா? முன்பணம் கட்டுகிறேன், லாரி வாடகையும் என்னுடையது" என்பேன். சரி என்றால், கடையில் டெமோவுக்கு வைத்திருக்கும் ஜோடியையே முழு வாரண்டியோடு என்ன விலைக்குத் தருவார் என்று கேட்பேன். அதில் நல்ல தள்ளுபடி கிடைப்பதுண்டு. உங்கள் 40 ஆயிரத்தில் பாதி அங்கேயே திரும்பிவிடலாம். தர மாட்டேன் என்றால் அவரிடமும் வாங்க மாட்டேன், மற்றவரிடமும் வாங்க மாட்டேன். வீட்டில் கேட்கத் தருகிற இன்னொரு டீலரைத் தேடுவேன், அதற்காக மாடலை மாற்ற வேண்டியிருந்தாலும் சரி.

இன்னொன்று, வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் பத்திரமாகப் போட்டு வையுங்கள். நான் ஒருமுறை இடத்தை அடைக்கிறதே என்று பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டு, ஆறே மாதத்தில் ரிப்பேருக்கு அனுப்ப வேண்டி வந்தபோது 23 கிலோ ஸ்பீக்கரைப் பழைய மெத்தையில் சுற்றி லாரியில் ஏற்றினேன். போன கோளாறு ஒன்று, திரும்பி வந்தபோது முனை உடைந்து இரண்டு.