கதை இல்லாத குறும்படங்கள்: கேள்வியும் பதிலும்

எழுத்தையும் படத்தையும் திரையில் அசையவைக்கும் மோஷன் டிசைன் என் தொழில். அதோடு பரிசோதனைக் குறும்படம் எடுப்பது, எடுக்கக் கற்றுக்கொடுப்பது என்று என் நாள் ஓடுகிறது. கதையில்லாத படங்கள், வீடியோ கலை, மோஷன் கிராஃபிக்ஸ் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

விஸ்காம் மாணவி, திருச்சி: அக்கா, எங்கள் வகுப்பில் ‘மாத்லைட்’ என்று ஒரு படம் போட்டார்கள். மூணு நாலு நிமிடம். சத்தமே இல்லை. ஏதேதோ படபடத்தது, முடிந்துவிட்டது. இதில் என்ன புரிந்துகொள்ள வேண்டும்?

அது ஸ்டான் பிராக்கேஜ் 1963-ல் செய்த படம். கேமராவே கிடையாது. செத்த விட்டில்களின் இறகு, இலை, புல் இவற்றை இரண்டு ஒளி ஊடுருவும் டேப்புகளுக்கு நடுவே ஒட்டி, அதையே ஃபிலிமாக அச்செடுத்தார். 16 மி.மீ. ஃபிலிமில் ஒரு பிரேமுக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, ஏழரை மி.மீ. அளவுதான் இடம். மூன்று செ.மீ. நீள இறகை ஒட்டினால் அது நாலு பிரேம்களின் மேல் படுத்துக் கிடக்கும். புரொஜெக்டருக்கு அது இறகென்று தெரியாது. நாலு துண்டாக வெட்டி, நொடிக்கு 24 பிரேம் கணக்கில், ஆறில் ஒரு நொடிக்குள் காட்டிவிட்டுப் போகும். அடிப்பகுதி, நடு நரம்பு, நுனி என்று ஒரே இடத்தில் மாறி மாறி விழுவதால் செத்த இறகு துடிக்கிறது. நீங்கள் பார்த்த படபடப்பு அதுதான்.

இனிமேல் இப்படி ஒரு படம் பார்த்தால் ‘என்ன அர்த்தம்’ என்று தேடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ‘இந்தப் படம் தனக்கு என்ன விதி போட்டுக்கொண்டது’ என்று கேளுங்கள். மாத்லைட்டின் விதி கேமரா கூடாது என்பது. 1962-ல் கிறிஸ் மார்க்கர் எடுத்த ‘லா ஜெத்தே’ 28 நிமிடம். அதில் அசையாத புகைப்படங்கள் மட்டும்தான் என்பது விதி. ஒரே ஓர் இடத்தில், படுத்திருக்கும் பெண் கண்ணைத் திறந்து இமைக்கிறாள். விதியை அவ்வளவு கறாராகக் காப்பாற்றி வந்ததால்தான் அந்த ஒரு இமைப்பு நம்மைத் தூக்கிவாரிப் போடுகிறது. விதி பிடிபட்டால் படத்தின் பாதி பிடிபட்ட மாதிரி. அர்த்தம் அதற்கப்புறம் தானாக வரும், வராமலும் போகலாம்.

கல்யாண வீடியோ எடிட்டர், மதுரை: ‘டாங்கோ’ என்ற போலந்துப் படத்தைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள். ஒரே அறையில் ஆட்கள் வந்து வந்து போகிறார்கள். இதை இப்போது மாஸ்க் போட்டு (ஆளை மட்டும் பின்னணியிலிருந்து பிரித்தெடுத்து) ஒரு நாளில் செய்துவிடலாமே?

செய்துபாருங்கள் என்றுதான் சொல்வேன், மனதாரச் சொல்கிறேன். செய்யும்போது அது ஏன் பெரிய படம் என்று தெரிந்துவிடும்.

தெரியாதவர்களுக்கு: ஸ்பிக்னியேவ் ரிப்சின்ஸ்கி 1980-ல் முடித்த எட்டு நிமிடப் படம் இது. அசையாத கேமரா, ஒரு சாதாரண அறை. ஜன்னல் வழியாக ஒரு பந்து உள்ளே விழுகிறது. ஒரு பையன் ஜன்னலில் ஏறி வந்து பந்தை எடுத்துக்கொண்டு போகிறான். பந்து மறுபடி விழுகிறது, பையன் மறுபடி வருகிறான். அடுத்த சுற்றில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வருகிறாள். ஒருவர் அலமாரி மேல் ஒரு பொட்டலத்தை வைக்கிறார், இன்னொருவன் ஜன்னலில் புகுந்து அதைத் திருடிக்கொண்டு போகிறான். இப்படி 36 பேர். ஒவ்வொருவரும் தன் சின்ன வேலையை ஓயாமல் திரும்பச் செய்கிறார்கள். அறை நிரம்பி வழிகிறது, ஆனால் ஒருவர்மேல் ஒருவர் முட்டுவதில்லை, ஒருவரை ஒருவர் பார்ப்பதுமில்லை. அப்புறம் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் ஒரு கிழவி பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள்.

அன்றைக்குக் கம்ப்யூட்டர் லேயர் கிடையாது. ஒவ்வொருவரின் உருவத்துக்கும் பிரேம் பிரேமாகக் கையால் மாஸ்க் வரைந்து, ஃபிலிமிலிருந்து ஃபிலிமுக்குப் படம் எடுக்கும் ஆப்டிகல் பிரின்டரில் ஒரே ஃபிலிமின் மேல் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார். சுமார் 16,000 மாஸ்க்குகள். நாளைக்குப் பதினாறு மணி நேரமாக ஏழு மாதம் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். உருவங்களின் ஓரத்தில் கறுப்புக் கோடும் நடுக்கமும் தெரியும். எனக்கு அதுவும் பிடிக்கும், கை வேலையின் தடம் அது. 1983-ல் ஆஸ்கர் கிடைத்தது.

மாஸ்க் வேலை இன்று சுலபம், உண்மைதான். அந்த நடமாட்டத்தைத் திட்டமிடுவது இன்றும் சுலபமில்லை. அறைக்குள் யாருடைய பாதை எந்த நொடியில் காலி என்று தாளில் கட்டம் போட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். ஐந்து பேரோடு தொடங்குங்கள். ஃபோனை ஸ்டாண்டில் அசையாமல் கட்டிவிடுங்கள், ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்யுங்கள். ஜன்னல் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இரவில், விளக்கு வெளிச்சத்தில் எடுங்கள். எல்லாருடைய லூப்பும் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) ஒரே நீளம் இருக்கட்டும். மண்டபத்தில் முகூர்த்த நேரத்து நெரிசலை வருடக்கணக்காகப் பார்த்த கண் உங்களுக்கு. அது இதற்கு நன்றாகவே உதவும்.

பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்: மேடம், கையில் ஃபோன் மட்டும்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு எதைச் செய்யலாம்?

பிக்ஸிலேஷன். பொம்மைக்குப் பதிலாக ஆட்களையே ஒவ்வொரு படமாக எடுத்து ஓட்டுவது. நார்மன் மெக்லாரன் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் 1952-ல் எடுத்த ‘நெய்பர்ஸ்’ இதற்குச் சிறந்த பாடம். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு பூவுக்காகச் சண்டை போட்டுச் சாகிறார்கள். நடுவில் இருவரும் புல்தரைக்கு மேல் மிதந்து போவார்கள். நடிகர் குதிக்க வேண்டும், காற்றில் உச்சியில் இருக்கும்போது ஒரு பிரேம் எடுக்க வேண்டும், ஓரடி நகர்ந்து மறுபடி குதிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நொடிக்கு 12 படம் போதும். ஒரு நிமிடத்துக்கு 720. முதலில் பத்து நொடி மட்டும் எடுங்கள். ‘நெய்பர்ஸ்’ முடிவில் குழந்தைகளும் அடிபடுவார்கள், கொடூரமான இடம் அது. அதனால் நீங்கள் முழுக்கப் பார்த்துவிட்டு, வகுப்பில் மிதக்கும் பகுதியை மட்டும் காட்டுங்கள்.

வங்கி ஊழியர், சேலம்: இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரமாகவே இருக்கிறது. நம் நாட்டில் யாரும் செய்யவில்லையா?

செய்தார்கள், அதுவும் அரசாங்கத்துக்குள் இருந்துகொண்டே. பழைய தியேட்டர்களில் படத்துக்கு முன்னால் கட்டாயமாகப் போட்ட செய்திப் படங்கள் நினைவிருக்கும். அந்த ஃபிலிம்ஸ் டிவிஷனில்தான் பிரமோத் பதி வேலை பார்த்தார். பிராகில் யிர்ஷி திரன்காவிடம் பொம்மை அனிமேஷன் படித்துவிட்டு வந்தவர். 1968-ல் அவர் எடுத்த ‘எக்ஸ்ப்ளோரர்’ இன்று பார்த்தாலும் திகைக்க வைக்கும். ஆடும் இளைஞர்கள், எந்திரங்கள், சாமி படங்கள், எல்லாம் சில பிரேம்களுக்கு மேல் நிற்காமல் வெட்டி வெட்டிப் போகும். விஜய ராகவ ராவின் இசை அதற்கு மேல் ஏறிப் போகும். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்துக்கே ‘கிளாக்ஸ்ப்ளோஷன்’ என்று பிக்ஸிலேஷன் படம் எடுத்தார். ஓவியர் ஆபித் சுர்த்தியை ஓர் அறைக்குள் விட்டு, அந்த அறையே ஓவியமாக மாறும்படி ‘ஆபித்’ எடுத்தார். 1975-ல் நாற்பத்து மூன்று வயதுக்குள் இறந்துபோனார். இன்னும் முப்பது வருடம் இருந்திருக்க வேண்டிய மனிதர்.

அதே காலத்தில் பம்பாயில் ஓவியர் அக்பர் பதம்ஸி, நேரு ஃபெலோஷிப் பணத்தில் ‘விஷன் எக்ஸ்சேஞ்ச் வொர்க்‌ஷாப்’ என்ற பட்டறையை நடத்தினார். அங்கே அவர் செய்த ‘சிஸிஜி’ வெறும் கோடுகளாலேயே ஆன ஊமைப் படம். அதற்கு அனிமேஷன் செய்தவர் ராம் மோகன். இளம் ஓவியராக அங்கே வந்த நளினி மலானி, 1969-ல் அட்டையில் செய்த கட்டட மாதிரிகளை வண்ண ஃபில்டர் போட்டு எடுத்து ‘டிரீம் ஹவுசஸ்’ செய்தார். இந்தியாவில் வீடியோ கலைக்கு இன்று இருக்கும் பெரிய பெயர்களில் அவருடையது முதல் வரிசை. நம் கல்லூரிகளில் இந்த மூவரையும் முதலில் காட்டிவிட்டு மற்றவர்களுக்குப் போகவேண்டும் என்பது என் ஆசை.

லிரிக் வீடியோ செய்பவர், சென்னை: அக்கா, தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாக வரவைத்தால் உடைந்துபோகிறது. உடையாமல் வந்தாலும் அசைவு விறைப்பாக இருக்கிறது.

முதல் பிரச்சினைக்குக் காரணம், மென்பொருள் எழுத்தைப் பிரிக்கும் விதம். ‘கொ’ நமக்கு ஒரே எழுத்து. அதற்கோ கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு. ஒவ்வொன்றாக வரச் சொன்னால் கொம்பு மட்டும் முதலில் வந்து அனாதையாக நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளியும் இப்படித் தனியாகப் பறக்கும். நான் வரியை ஷேப்பாக, அதாவது வெறும் வடிவங்களாக மாற்றிவிட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய துண்டுகளை நானே குரூப் செய்துகொள்வேன். நேரம் பிடிக்கும்தான், ஆனால் அப்புறம் முழுச் சுதந்திரம். பாடகர் நெடிலை இழுக்கும் இடத்தில் காலை மட்டும் இழுக்கலாம். வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் புள்ளியை மட்டும் ஒரு பிரேமில் ‘டப்’பென்று விழவைக்கலாம். ஆங்கில எழுத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டை வாங்கிப் போட்டால் இதெல்லாம் கிடைக்காது.

விறைப்புக்குக் காரணம் சீரான வேகம். அசைவின் வேகத்தை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, வேகமாகக் கிளம்பி மெதுவாக வந்து அமரும்படி வளைவைக் கையால் இழுங்கள். எழுத்துக்கு எழுத்து இரண்டு பிரேம் தள்ளிக் கிளம்பட்டும். வந்து அமர்ந்த வரியை, மெதுவாக வாசிப்பவரும் வாசித்து முடிக்கும் வரை அசைக்காதீர்கள். சால் பாஸ் 1955-ல் ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்துக்குச் செய்த டைட்டிலில் பெயர்களோடு கறுப்பில் வெள்ளைப் பட்டைகள் வந்து வந்து நிற்கும், கடைசியில் ஒரு வளைந்த கையாக மாறும், அவ்வளவுதான். அவை எங்கே, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று மட்டும் பாருங்கள்.

பொறியியல் மாணவர், திருநெல்வேலி: ஒரு ஷாட் உருகி அடுத்த ஷாட்டுக்குள் வழிகிற மாதிரி செய்கிறார்களே, அது எப்படி?

டேட்டாமோஷிங். வீடியோ ஃபைலில் எல்லா பிரேமும் முழுசாக இருப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப்படம் இருக்கும், அது ஐ-பிரேம். அடுத்து வருபவற்றில் ‘இந்தக் கட்டம் இப்படி நகர்ந்தது’ என்ற குறிப்புதான் பெரும்பாலும் இருக்கும், அவை பி-பிரேம். இரண்டாவது ஷாட்டின் தொடக்கத்திலுள்ள ஐ-பிரேமை நீக்கிவிட்டால், அதன் அசைவுக் குறிப்புகள் முதல் ஷாட்டின் நிறங்களைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். எக்ஸ்விட் மாதிரி பழைய கோடெக்கில் (வீடியோவை நசுக்கிச் சேமிக்கும் முறை), பி-பிரேமுக்கும் ஐ-பிரேமுக்கும் நடுவே வரும் பை-டைரக்‌ஷனல் பிரேம்களை அணைத்து, கீஃப்ரேம் (ஐ-பிரேமின் இன்னொரு பெயர்) இடைவெளியை நீளமாக வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அவிடெமக்ஸ் என்ற எடிட்டிங் மென்பொருளின் பழைய பதிப்பில் ஐ-பிரேமை வெட்டலாம். சேதமான ஃபைல் ஒவ்வொரு பிளேயரிலும் ஒவ்வொரு மாதிரி ஓடும், அதனால் பிடித்தது வந்தவுடன் புதிதாக ரெக்கார்டு செய்துவிடுங்கள். டகேஷி முராட்டாவின் ‘மான்ஸ்டர் மூவி’யை (2005) அவசியம் பாருங்கள். அதில் உருகலே படத்தின் விதி. இரண்டு ஷாட்டை இணைக்க அழகுக்குப் போட்ட எஃபெக்ட் இல்லை.

இரண்டு பேர் கேட்டது: வேகமாக மின்னும் காட்சி வைத்தால் பார்ப்பவருக்கு ஆபத்தா?

சிலருக்கு உண்மையிலேயே ஆபத்து. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதால் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போனார்கள். நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் போகாதீர்கள். போயே ஆகவேண்டிய படம் என்றால் தொடக்கத்தில் எச்சரிக்கை போடுங்கள். டோனி கான்ராட் 1966-லேயே ‘தி ஃபிளிக்கர்’ படத்தில் போட்டிருக்கிறார்.

விளம்பர நிறுவன ஊழியர், பெங்களூரு: ஒரு வரி எழுதினால் ஏஐ வீடியோ கொடுத்துவிடுகிறது. இதையும் பரிசோதனைப் படம் என்று சொல்லலாமா?

கருவி எதுவாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. அனிமேஷன் கலைஞர் ஜான் விட்னி என்ன வைத்து வேலை செய்தார் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் விமானத்தைச் சுட பீரங்கிக்குக் குறி கணக்கிட்ட எம்-5 எந்திரம். போர் முடிந்து கழிவாக வந்ததை வாங்கி, அதன் கணக்கிடும் சக்கரங்களைக் கொண்டு சுருள்களை வரைய வைத்தார். 1958-ல் வந்த ‘வெர்டிகோ’ டைட்டிலில் சுழலும் சுருள்கள் சால் பாஸோடு சேர்ந்து அவர் செய்தவை. 1961-ல் அந்த எந்திரத்தின் அசைவுகளையெல்லாம் தொகுத்து ‘கேட்டலாக்’ என்று ஒரு படமே தந்தார். எந்தச் சக்கரத்தைத் திருப்பினால் எந்தக் கோடு வளையும் என்று அவருக்குத் தெரியும்.

நீங்களும் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிரேமிலிருந்து அடுத்த பிரேமுக்கு என்ன நடக்கவேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்களா, வந்ததை ஏற்றுக்கொள்கிறீர்களா? ஒரே வரியை நூறு முறை கொடுத்து, ஒவ்வொரு முறையும் கை விரல்கள் எப்படி மாறுகின்றன என்பதை மட்டும் அடுக்கினால் அங்கே ஒரு விதி இருக்கிறது, நான் உட்கார்ந்து பார்ப்பேன். அழகான பத்து ஷாட்டை வரவைத்து இசை போட்டு ஒட்டினால் அது வேலைக்கு மாதிரி காட்டும் ஷோரீல்.

ஓவியர், புதுச்சேரி: வீடியோ கலையை எப்படிப் பத்திரப்படுத்துவது? ஓவியம் என்றால் சுவரில் இருக்கும்.

சியோலுக்குப் பக்கத்தில் குவாச்சோனில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் கொரியக் கலைஞர் நாம்-ஜூன் பைக் 1988-ல் கட்டிய ‘தி மோர் தி பெட்டர்’ இருக்கிறது. 1,003 டிவி பெட்டிகளால் ஆன கோபுரம். பழைய பிக்சர் டியூப்கள் பழுதாகிப் பழுதாகி, 2018-ல் அதை அணைத்துவிட்டார்கள். பிறகு பழைய டியூப் டிவிகளைத் தேடிப் பிடித்து மாற்றி, டியூப் கிடைக்காத மேலடுக்குச் சின்னத் திரைகளுக்கு மட்டும் எல்சிடி போட்டு, 2022-ல் மறுபடி ஓடவிட்டார்கள். எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதில்தான் பெரிய விவாதமே நடந்தது.

அந்த முடிவை நீங்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள்: திரை என்ன அளவு, டியூபா எல்சிடியா, இருட்டறையா, சத்தம் எவ்வளவு, லூப்புக்கு நடுவே கறுப்பு எத்தனை நொடி. மாஸ்டரை புரோரெஸ் மாதிரி அதிகம் நசுக்காத கோடெக்கில் எடுத்து, இரண்டு ஹார்டு டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். வருடத்துக்கொரு முறை இரண்டையும் திறந்து ஓட்டிப் பாருங்கள். யூடியூப்பில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், அங்கே இருப்பது நசுக்கிய பிரதி.

அதே விஸ்காம் மாணவி: அக்கா, முடித்த படத்தை எங்கே அனுப்பலாம்?

2003-ல் தொடங்கி, பெங்களூரில் நடந்துவரும் ‘எக்ஸ்பெரிமென்டா’ இந்த வகைப் படங்களுக்கென்றே உள்ள விழா. வெளியே என்றால் ஜெர்மனியின் ஓபர்ஹவுசன், அமெரிக்காவின் ஆன் ஆர்பர் விழாக்கள். விண்ணப்பிக்கும் முன் விதிமுறைகளை முழுக்கப் படியுங்கள். ஏற்கனவே இணையத்தில் வந்த படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை. அதனால் பதில் வரும்வரை பொதுவில் ஏற்றாமல், பாஸ்வேர்டு போட்ட லிங்காக வைத்திருங்கள். உங்கள் படத்தைப் பற்றி எழுதச் சொல்லும் இடத்தில் அது எதை உணர்த்துகிறது என்று பக்கம் பக்கமாக எழுதவேண்டாம். என்ன விதி வைத்து, எதைக் கொண்டு செய்தீர்கள் என்று மூன்று வரி போதும்.