படுத்த பிறகு வரும் கவலைகள்: இளையோர் தூக்கம் குறித்த கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: பகல் முழுவதும் வகுப்பு, சிநேகிதிகள் என்று பொழுது போய்விடுகிறது. படுத்த பிறகுதான் அரியர் பாடம், கல்விக்கடன், வீட்டுச் சண்டை எல்லாம் வரிசையாக வருகின்றன. இரண்டு மணி வரை விழித்துக் கிடக்கிறேன். என்ன செய்வது, டாக்டர்? (கல்லூரி மாணவி, வில்லியனூர்)

பதில்: பகலில் தள்ளிவைத்த கவலை, கவனத்தைத் திருப்ப வேறொன்றும் இல்லாத இருட்டில்தான் முன்னால் வந்து நிற்கும். யோசிப்பது வேறு, அசைபோடுவது வேறு. "அரியர் பாடத்துக்கு யாரிடம் உதவி கேட்கலாம்" என்ற யோசனை ஏதோ ஓரிடத்தில் முடிந்துவிடும். "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்ற அசைபோடலுக்கு முடிவே கிடையாது. உடலோ அதை ஆபத்தின் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டு உங்களை விழிப்பிலேயே நிறுத்திவைக்கும்.

மாலை ஆறு, ஆறரை மணிக்குப் படுக்கையை விட்டு வேறோர் இடத்தில் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். நோட்டின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் கவலையையும் வலப்பக்கம் அதற்காக நாளை செய்யக்கூடிய ஒரே ஒரு சிறிய செயலையும் எழுதுங்கள். என்னிடம் வந்த மாணவர் ஒருவரின் நோட்டில் "ஹெச்.ஓ.டி.யை (துறைத் தலைவரை) பார்க்க வேண்டும்" என்ற வரி மூன்று நாள் தொடர்ந்து இருந்தது; நான்காம் நாள் அது அடிக்கப்பட்டிருந்தது. அன்றிரவு பதினொன்றரைக்கே கண்ணயர்ந்ததாக அவர் சொன்னபோது எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகம் 57 இளையோரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், படுக்குமுன் ஐந்து நிமிடம் இனிச் செய்யவேண்டியவற்றை எழுதியவர்கள், ஏற்கெனவே முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் நான் அன்றாடம் காண்பதோடு அது ஒத்துப்போகிறது.

இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். புரண்டுகொண்டே கிடந்தால், படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மனம் பழகிவிடும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினெட்டு வயது. நீட் தேர்வுக்கு இரண்டாம் முறையாகப் படிக்கிறான். இரவு ஒரு மணி வரை ஃபோன். காலையில் எழுப்பவே முடிவதில்லை. ஃபோனைப் பிடுங்கி வைத்துவிடலாமா? (ஒரு தாய், கடலூர் மஞ்சக்குப்பம்)

பதில்: வேண்டாம் அம்மா. பதின்ம வயதில் தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பு இயல்பாகவே தாமதமாகிறது. ஆகவே இதில் சோம்பேறித்தனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அத்தோடு, ஃபோன் அவருக்கு அடைக்கலமாகவும் இருக்கலாம். அதைப் பிடுங்கினால் தேர்வு பயம் அப்படியே இருக்கும், ஒதுங்க இடம் மட்டும் போய்விடும். முதலில் அந்தப் பயத்தைப் பேச விடுங்கள். சாப்பிடும்போது மதிப்பெண்ணைக் கேட்காமல், "இன்றைக்கு எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டு, அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இருவரும் பேசி, ஃபோன் இரவில் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும் என்று முடிவு செய்யலாம். ஞாயிறு உட்பட எழும் நேரம் பெரிதாக மாறக் கூடாது. எழுந்ததும் மொட்டைமாடி வெயிலில் சற்று நடக்கட்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. படித்தது நினைவில் நிலைபெறுவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு இருப்பதால், அது படிப்பிலிருந்து திருடிய நேரம் ஆகாது.

கேள்வி: சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. மேலதிகாரியோடு மனக்கசப்பு வேறு. லீவு நாளில் பாண்டி போய் நண்பர்களோடு குடித்தால்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன். தவறா? (24 வயது இளைஞர், கடலூர்)

பதில்: மது விரைவில் கண்ணை மூடவைக்கும், ஆனால் இரவின் பின்பாதியில் தூக்கத்தைத் துண்டுதுண்டாக்கி, கனவுத் தூக்கத்தையும் குறைக்கும். மேலதிகாரியோடு உள்ள மனக்கசப்பு மறுநாளும் அப்படியே காத்திருக்கும். அந்த நண்பர்களிடமே, குடிக்காத ஒரு மாலையில் கடற்கரையில் உட்கார்ந்து அதைச் சொல்லிப் பாருங்கள். நைட் ஷிஃப்டின் பிற்பாதியில் டீ வேண்டாம். அதிலுள்ள காஃபினில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

கேள்வி: எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்? (வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால் கட்டாயம் வாருங்கள், பகல் வாழ்க்கை தடுமாறினால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள்; நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பழக்கங்களையும் எண்ணங்களையும் சீராக்கும் பயிற்சிதான். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால், எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை உடனே அழையுங்கள். ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்வதானால், படுத்த நேரம், எழுந்த நேரம், அன்று மனத்தை அழுத்திய விஷயம் ஆகிய மூன்றையும் இரண்டு வாரம் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.