பரோட்டாக் கடையில் கசிந்த ரகசியம்

அன்புள்ள அக்கா,

தேவிபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். வேடம் கட்டி, வாம்பயர்களாக நடித்து ஆடும் நேரடி வாம்பயர் விளையாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் பதினான்கு பேர் இதை ஆரம்பித்தோம். தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது எங்களில் பாதிப் பேருக்கு ராத்திரி வேலை இல்லை. ஒரு நண்பன் வீட்டுப் பழைய ஐஸ் குடோன்தான் எங்கள் எலிசியம், அதாவது கதையில் வாம்பயர்கள் சண்டையில்லாமல் கூடும் இடம். ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் கதைசொல்லி நான்.

என் சித்தி மகன் வென்ட்ரூ என்ற வாம்பயர் குலத்து ஆளாக ஆடுகிறான். அவனுடைய கூட்டாளி நோஸ்ஃபெராட்டு என்ற இன்னொரு குலத்து ஆள். நகரத்து வாம்பயர்களை ஆளும் பிரின்ஸுக்கு ரகசியமாக ஒற்று வேலை பார்ப்பவன். இது எனக்கும் பிரின்ஸாக ஆடுபவருக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும். இரண்டாவது ஆட்டம் முடிந்து பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்த நோஸ்ஃபெராட்டு பையனே சந்தோஷத்தில் உளறிவிட்டான். மூன்றாவது ஆட்டத்தில் என் சித்தி மகன் ஒரு பொய்த் தகவலை அவனிடம் மட்டும் சொல்லி வைத்தான். ஒரு மணி நேரத்தில் பிரின்ஸின் காவல் ஆளான ஷெரிஃப் அதே தகவலோடு வந்து நின்றார். குட்டு உடைந்தது. எலிசியத்துக்குள் கை வைக்கக்கூடாது என்பதால் வெளியே வரும்வரை காத்திருந்து நோஸ்ஃபெராட்டுவை முடித்துவிட்டார்கள்.

கடையில் கேட்டதை வைத்து ஆடியதால் அந்தக் காட்சியே செல்லாது என்று மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "நோஸ்ஃபெராட்டு என்றாலே ஒற்றன்தான், நானாக யூகித்ததுதான்" என்கிறான் சித்தி மகன். மற்றவன் இனி வரமாட்டேன் என்கிறான். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. நான் செய்தது சரியா? சித்தி மகனை விலக்கிவிடுவதா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அவனை விலக்காதீர்கள். நீங்கள் ரத்து செய்ததில் ஒரு பகுதியை நான் ஏற்கிறேன். செய்த விதத்தை ஏற்க முடியவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் நல்ல குழுக்கள் உடைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

இதைப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சில வரிகள். மேசையில் உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் 'வாம்பயர்: த மாஸ்கரேட்' 1991இல் அமெரிக்காவில் வந்தது. எழுந்து நடந்து, வேடம் கட்டி, நேருக்கு நேர் பேசி ஆடும் வடிவம் 1993இல் வந்தது. அதில் பகடை கிடையாது. இழுபறி வந்தால் கல், காகிதம், கத்தரி. ஒரு நகரத்து வாம்பயர்கள் மனிதர் கண்ணில் படாமல் தங்களுக்குள் நடத்தும் அரசியல்தான் கதை. சண்டையைவிடப் பேச்சும் பேரமும் நன்றிக்கடனும்தான் அதிகம். (காட்டேரி என்று தமிழில் சொல்லலாமே என்று சிலர் கேட்கிறார்கள். காட்டேரியைத் தெய்வமாகக் கும்பிடுகிற குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. அதனால் எங்கள் ஆட்டத்தில் அந்தச் சொல்லைத் தொடுவதில்லை.) மெட்டாகேமிங் என்பது, ஆடுகிற ஆளுக்குத் தெரிந்ததை, அது தெரிந்திருக்க வழியில்லாத பாத்திரத்தின் கையில் கொடுத்து ஆடுவது.

இதைக் களவு போலப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. நம் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி நாடகத்தை நினைத்துப் பாருங்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. வேடன் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பவர் முருகன் என்பது வள்ளியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் அம்மாவுக்குத் தெரியும், முன்வரிசையில் தூங்கி விழும் பிள்ளைக்கும் தெரியும். தினைப்புனத்து வள்ளிக்கு மட்டும் தெரியாது. அவள் அவரோடு மல்லுக்கு நிற்கிறாள், மானைக் காணோம் என்பவரை மடக்குகிறாள், யானை வந்ததும் அலறுகிறாள். யானை யாரென்பது தெரிந்த அம்மாதான் அப்படி அலறுகிறார். தெரிந்ததை அவர் மறக்கவில்லை. தெரிந்ததால்தான் எந்த இடத்தில் எவ்வளவு எதிர்த்துப் பேசினால் எதிராளியின் பாட்டு எடுபடும் என்று அளந்து பேசுகிறார்.

வட ஐரோப்பாவில் இப்படி வேடம் கட்டி ஆடும் சில லார்ப் குழுக்கள் எல்லா ரகசியங்களையும் ஆட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். யார் யாரைக் காட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தே, அந்த இடம் அழகாக வரும்படி ஆடுகிறார்கள். அதுவும் நேர்மையான ஆட்டம்தான். ஆனால் நீங்கள் ஆடுவது அது இல்லை. உங்கள் ஆட்டத்தில் ரகசியத்துக்கு விலை உண்டு. நோஸ்ஃபெராட்டுவுக்கு வெளியே காட்டும்படியான முகம் இல்லை, அவையில் மதிப்பு இல்லை. அவனிடம் இருப்பது தகவல் ஒன்றுதான், அதை நன்றிக்கடனுக்கு விற்றுத்தான் பிழைக்கிறான். அவன் சரக்கு பரோட்டாக் கடையில் இலவசமாகக் கிடைத்தால் அந்தப் பையனுக்கு ஆட்டத்தில் செய்ய ஒன்றுமே மிஞ்சாது. மெட்டாகேமிங்கில் முதலில் அடிபடுவது இப்படி மெதுவாக, பொறுமையாகக் கட்டி ஆடுகிறவர்கள்தான். எனக்கு அதுதான் வருத்தம்.

சரி, உங்கள் வழக்குக்கு வருவோம். சித்தி மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு வென்ட்ரூ, நோஸ்ஃபெராட்டுவைச் சந்தேகப்படுவது ஊரறிந்த விஷயம். பொய்த் தகவல் கொடுத்துச் சோதிப்பதும் வென்ட்ரூவுக்குப் பொருந்தும். ஆனால் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. உண்மையிலேயே யார் என்று தெரியாதவன், சந்தேகம் உள்ள மூன்று பேரிடம் மூன்று விதமான பொய்யைச் சொல்லி வைப்பான், எந்தப் பொய் திரும்பி வருகிறதென்று பார்ப்பான். அவன் ஒரே ஆளிடம் ஒரே பொய்யைச் சொன்னான். பதில் தெரிந்தவன் போடும் தூண்டில் அப்படித்தான் இருக்கும். அதே நேரம், அவசரத்தில் இருக்கும் அப்பாவியும் அப்படியே போடலாம். ஆகவே இதை அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம், சாட்சியாக எடுத்துக்கொண்டு தண்டிக்க முடியாது. ஒருவன் மண்டைக்குள் யூகம் எங்கே முடிந்து கேள்விப்பட்டது எங்கே தொடங்கியது என்று அவனுக்கே நிச்சயமாகத் தெரியாது. நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பரோட்டாக் கடையில் நீங்களும் இருந்தீர்கள் என்று நினைக்கிறேன். வாய் தவறியது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் மூன்றாவது ஆட்டத்தில் அவன் அந்தப் பொய்யைச் சொல்லப் போன கணத்தில் ஓரமாகக் கூப்பிட்டு, "உன் ஆளுக்கு இந்தச் சந்தேகம் எப்படி வந்தது?" என்று கேட்டிருக்க வேண்டும். அவன் ஒரு காட்சியைக் காட்டியிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். காட்ட முடியாவிட்டால், "அப்படியானால் இன்று இரவு அதைத் தேடிப் பிடி, யாரிடமாவது விலைக்கு வாங்கு" என்று அனுப்பியிருக்கலாம். அதிலிருந்தே இரண்டு நல்ல காட்சிகள் பிறந்திருக்கும். எல்லாவற்றையும் நடக்கவிட்டு, ஒருவன் ஜெயித்து, ஒருவன் செத்து, மறுநாள் குழுவில் எல்லோர் முன்னாலும் செல்லாது என்று போட்டது இரண்டு பேரையுமே தோற்கடித்தது.

இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். மண்டபம் ஊரில் ஒரு கருவாட்டுக் கொட்டகையில் நாங்கள் ஆடிக்கொண்டிருந்த காலம். நானே கதைசொல்லி. வெளியூரிலிருந்து வரும் ஒரு மூத்த வாம்பயராகவும் நானே ஆடினேன். ஒரு பெண் இரண்டு மாதமாக ஒரு சூழ்ச்சியை இழை இழையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். கதைசொல்லி என்ற முறையில் எல்லாவற்றையும் எனக்கு எழுதி அனுப்பியிருந்தாள். அன்று பேரம் நடக்கும்போது என் மூத்தவர் நேராகப் போய் அவள் எதற்குப் பயந்தாளோ அதைத் தொட்டார். நான் வேண்டுமென்று செய்யவில்லை. பேச்சு வேகத்தில் வாயில் வந்துவிட்டது. அவளுடைய இரண்டு மாத உழைப்பு அஞ்சு நிமிஷத்தில் போயிற்று. ஆட்டம் முடிந்து என்னிடம் வந்து, "அக்கா, அவருக்கு அது எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன், அடுத்த ஆட்டத்தில் அவளுக்கு இழந்ததைத் திரும்பக் கொடுத்தேன். அன்றிலிருந்து தீர்ப்புச் சொல்கிறவரும் பேரம் பேசும் பெரிய பாத்திரத்தை ஆடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். எல்லோருடைய ரகசியமும் கையில் இருப்பது நமக்குத்தான், தம்பி. அதிகமாக மெட்டாகேம் செய்ய வாய்ப்புள்ளவரும் கதைசொல்லிதான்.

அவள் கேட்டதையே இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். சந்தேகம் வந்த ஆளிடம் மட்டும் கேட்டால் அது குற்றச்சாட்டு. சரியாக ஆடுகிறவனிடமும் ராத்திரிக்கு இரண்டு தடவை கேட்டால் அது வழக்கமாகிவிடும். நம் கரையில் இந்தக் கேள்வி புதிதும் இல்லை. மீன் படும் கடலடிப் பாறைத் திட்டு ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதைச் சொந்தப் பிள்ளைக்கே உடனே சொல்லமாட்டார். நாலு நாளில் இன்னொரு வல்லம் அங்கே வலை விட்டால், "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தேடி அலைந்து கண்டேன் என்றால் மரியாதை, பின்னாலேயே வந்தேன் என்றால் பேச்சுவார்த்தை அறுந்துவிடும்.

இன்னொரு ஏற்பாடும் செய்யுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு, தன் பாத்திரம் யாரை எதற்காகச் சந்தேகப்படுகிறது என்று ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதி உங்களிடம் கொடுக்கட்டும். நாங்கள் இதைச் சந்தேகச் சீட்டு என்கிறோம். இரண்டாவது ஆட்டத்துக்கு முன்பே உங்கள் சித்தி மகன் "அந்த நோஸ்ஃபெராட்டு பிரின்ஸின் ஆளோ?" என்று எழுதியிருந்தால் இன்று இந்தக் கடிதமே வந்திருக்காது. யூகிக்கிறவனுக்கு இதுதான் பாதுகாப்பு. இது இல்லாவிட்டால், ரகசியம் கசிந்த பிறகு நேர்மையான ஆள் தன் பாத்திரத்துக்கு இயல்பாக வரவேண்டிய சந்தேகத்தைக்கூட அடக்கிக்கொண்டு முட்டாளாக நடிக்க வேண்டியிருக்கும். அது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

யாரும் கவனிக்காத மெட்டாகேமிங் ஒன்று உண்டு. வாம்பயர் சக்தியால் மறைந்திருப்பதாக ஆடுபவர் இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வருவார் அல்லவா? எல்லோருக்கும் அவர் கண்ணில் படுகிறார், பாத்திரங்களுக்கு மட்டும் படுவதில்லை. அவர் பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றுவிடும். இல்லாவிட்டால் சட்டென்று வானிலைக்கு மாறிவிடும். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, உடம்பு தானாகச் செய்கிறது. எங்கள் குழுவில் இதற்கென்றே ஒரு மாலை முழுவதும் பழகினோம்: மறைந்தவர் வந்தால், பேசிக்கொண்டிருந்த விஷயத்தை அதே குரலில் இன்னும் மூன்று வாக்கியம் தொடர வேண்டும். அதேபோல் யாராவது வந்து கல், காகிதம், கத்தரிக்குக் கை நீட்டினாலே தன்மேல் ஏதோ சக்தி பாய்கிறது என்று ஆடுபவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் நான் ராத்திரி முழுக்க அங்கங்கே போய் எந்தக் காரணமும் இல்லாத சும்மா சவால்கள் சிலவற்றைப் போட்டுவிட்டு வருவேன்.

பரோட்டாக் கடைப் பேச்சைத் தடை செய்துவிடாதீர்கள். ஆட்டத்தின் பாதிச் சந்தோஷம் அங்கேதான் இருக்கிறது. முடிந்துபோன காட்சிகளை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், உயிரோடு இருக்கும் ரகசியத்தைப் பேசக்கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். உளறிவிட்டால் அன்று ராத்திரியே உங்களிடம் சொல்லிவிட வேண்டும், அதற்குத் தண்டனை கிடையாது. கேட்டவர்களும் "நான் கேட்டுவிட்டேன்" என்று சொல்லிவிடட்டும். அப்புறம் நீங்கள் கதைக்குள் அதற்கு ஒரு வழி திறக்கலாம், இல்லாவிட்டால் அந்த ரகசியத்தையே வேறாக மாற்றலாம்.

இப்போது என்ன செய்வது? இறுதி மரணத்தை, அதாவது நோஸ்ஃபெராட்டு பாத்திரம் ஒரேயடியாக முடிந்ததை மட்டும் ரத்து செய்யுங்கள். பணமோ பதவியோ போனால் அடுத்த ஆட்டத்தில் சம்பாதித்துக்கொள்ளலாம், மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரம் செத்தால் திரும்பாது. வழி சந்தேகத்துக்குரியதாக இருக்கும்போது அவ்வளவு பெரிய விலையை ஒருவன் கொடுக்கக்கூடாது. ஆனால் தூண்டில் போட்டது நிற்கட்டும், ஷெரிஃப் வந்ததும் நிற்கட்டும். சபை அவனைச் சந்தேகப்படுகிறது, முழு சாட்சி இல்லை. வெளியே காத்திருந்தவர்களிடமிருந்து அவன் மறைந்து தப்பிவிட்டான். நோஸ்ஃபெராட்டுவுக்கு அது கைவந்த கலைதானே. இதில் சித்தி மகனின் உழைப்புக்கும் மதிப்பு உண்டு, உளறியதற்கு அந்தப் பையனும் ஒரு விலை கொடுக்கிறான்.

தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது. அதற்குள் நாலாவது ஆட்டத்தை நடத்திவிட முடியும். அதற்கு முன்னால் சித்தி மகனிடம் போய், "உன்னைத் திருடன் என்று நினைத்து நான் ரத்து செய்யவில்லை, உன்னைக் கேட்காமல் செய்தது என் தப்பு" என்று சொல்லுங்கள். பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு மற்றவன் வீட்டுக்குப் போங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், நேரில் போங்கள்.

அன்புடன்,
அக்கா