ஷீல்டைவிடச் சம்படம் மேல்

(டீச்சரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்)

தை பிறந்தால் பள்ளிக்கூடங்களில் பந்தல்காரர் நடமாட்டம் தொடங்கிவிடும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆண்டு விழாவையும் பரிசளிப்பையும் பற்றித்தான். மற்ற கேள்விகள் அடுத்த இதழில். நான் கணக்கு டீச்சர், தெற்கத்திச் சீமையில் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்து, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள். அதனால் பதில்களில் கொஞ்சம் கணக்கும் நிறைய திருநெல்வேலியும் இருக்கும்.

எங்களுடையது சின்ன அரசு உயர்நிலைப் பள்ளி. ஆண்டு விழாப் பணத்தில் மேடை, மைக் செட், டீ, வடை போக மிஞ்சுவது கொஞ்சம்தான். இளம் ஆசிரியர்கள் ஷீல்டு கொடுப்போம் என்கிறார்கள். மூத்தவர்கள் வழக்கம்போல எவர்சில்வர் என்கிறார்கள். எது நல்லது?
*ஆசிரியர், விளாத்திகுளம்*

எவர்சில்வர்தான். யோசிக்கவே வேண்டாம்.

ஷீல்டு மேடையில் பளபளக்கும். வீட்டுக்குப் போனதும் அதை எங்கே வைப்பது? டிவி ஸ்டாண்டில் வைத்தால் இரண்டாம் வருஷம் முலாம் உரியும், மூன்றாம் வருஷம் ஸ்டிக்கர் காய்ந்து விழும். அப்புறம் எதற்குக் கொடுத்தார்கள் என்று வாங்கிய பிள்ளைக்கே நினைவிருக்காது. சம்படமும் கிண்ணமும் அப்படியில்லை, அடுக்களைக்குள் போய்விடும். என்னிடம் படித்த ஒருத்தியின் புகுந்த வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். அவள் மாமியார் ஒரு சம்படத்தைத் திறந்து முறுக்கு எடுத்துவைத்துவிட்டு, மூடியைத் திருப்பி என்னிடம் காட்டினார். 'கட்டுரைப் போட்டி, இரண்டாம் பரிசு' என்று வெட்டியிருந்தது. "எங்க மருமவ எழுத்துக்காரி" என்றார். எந்த ஷீல்டுக்கும் இந்தப் பேச்சு கிடைக்காது.

பாத்திரக் கடையில் மொத்தமாக எடுத்தால் பேர் வெட்டித் தருவார்கள், பல கடைகளில் அதற்குத் தனியாகக் காசும் கேட்பதில்லை. பேரோடு நிறுத்தாமல் வகுப்பு, போட்டி, வருஷம் மூன்றையும் வெட்டச் சொல்லுங்கள். எமிஸ் (கல்வித் துறையின் கணினிப் பதிவு) பட்டியலை அப்படியே கடைக்காரர் கையில் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளையிடமே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். சண்முகப்பிரியா 'சன்முகபிரியா' ஆகிவிட்டால் எவர்சில்வரில் அழிக்க வழியில்லை.

ஒன்பது, பத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கொடுக்கலாம். புத்தகக் கண்காட்சியில் பத்து சதவீதம் கழிவு உண்டு, அப்போதே வாங்கிவிடுங்கள். ஆனால் ஒரே தன்னம்பிக்கைப் புத்தகத்தை நாற்பது பிரதி வாங்கி ஆளுக்கொன்றாகத் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்காது. அறிவியல் கண்காட்சியில் ஜெயித்தவனுக்கு அறிவியல் புத்தகம், கதை எழுதியவளுக்குக் கதைத் தொகுதி. எடுக்கிற ஆசிரியர் அரை மணி நேரம் கூட நின்றால் போதும்.

என் மகள் பத்தாம் வகுப்பில் 478. பள்ளியில் மூன்றாம் இடம் 479. முதல் மூன்று இடத்துக்கு மட்டும்தான் பரிசு என்று சொல்லி, அவளை மேடைக்குக் கூப்பிடவே இல்லை. ஒரு மார்க்! மனசு ஆறவில்லை.
*ஒரு தாய், பாளையங்கோட்டை*

உங்கள் கோபம் நியாயம்தான். ஐந்து பாடத் தாள்களை ஐந்து பேர் திருத்துகிறார்கள். மறுகூட்டலில் ஒரு மார்க் ஏறுவதும் உண்டு. அந்த ஒரு மார்க்கை வைத்து ஒரு பிள்ளையை மேடையிலும் இன்னொன்றைக் கீழேயும் நிறுத்துவதைக் கணக்கு டீச்சராகவே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2015 பத்தாம் வகுப்பு முடிவு நினைவிருக்கிறதா? மாநில முதலிடம் 499 மார்க், அதை எடுத்தவர்கள் 41 பேர். இரண்டாமிடம் 192 பேர், மூன்றாமிடம் 540 பேர். கூட்டினால் முதல் மூன்று இடங்களில் மட்டும் 773 பிள்ளைகள். இடம் என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை? 2017ல் பத்துக்கும் பிளஸ் டூவுக்கும் அரசு ரேங்க் பட்டியலையே நிறுத்திவிட்டது. அதற்கு முன்பெல்லாம் முடிவு வருகிற காலையில் கேமராவோடு ஆட்கள் வீடு வீடாக ஓடுவார்கள், பெற்றோர் பிள்ளைக்கு லட்டு ஊட்டுகிற படம் மறுநாள் பேப்பரில் வரும். அரசு விட்டாலும் பல பள்ளிகள் அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் இப்படிக் கேளுங்கள்: 450க்கு மேல் எடுத்த எல்லாரையும் மேடை ஏற்றட்டும், பாடவாரியாக சென்டம் வாங்கியவர்களைத் தனியாகக் கூப்பிடட்டும். அதோடு இன்னொன்று. காலாண்டில் 180 எடுத்துப் பொதுத் தேர்வில் 310 எடுத்த பிள்ளை ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும். அதற்கும் ஒரு பரிசு வையுங்கள். 130 மார்க் ஏற்றம் என்பது 470ஐ 478 ஆக்குவதைவிடப் பெரிய வேலை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீளமான கடிதம்தான் எழுதியிருக்கிறீர்கள். இதைப் பற்றி மகள் என்ன சொன்னாள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அவளிடம் கேட்டீர்களா? 479 வாங்கியது அவளுடைய சிநேகிதியாகவும் இருக்கலாம்.

ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவருக்குப் பரிசு கொடுப்பது நல்ல பழக்கம்தானே? எங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியர் மட்டும் எதிர்க்கிறார்.
*தலைமை ஆசிரியர், சங்கரன்கோவில் அருகில்*

நானும் அவர் பக்கம்தான், சார்.

முதல் காரணம் அம்மைக்கட்டு. நான் பார்த்த ஒரு பள்ளியில், பரிசு போய்விடுமே என்று கன்னம் வீங்கின பையன் மஃப்ளரைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அடுத்தடுத்த வாரங்களில் அவன் பெஞ்சு காலி, அப்புறம் முன் பெஞ்சு, பின் பெஞ்சு. வருகைப் பதிவேடு முழுக்க சுழியாகிவிட்டது.

இரண்டாம் காரணம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 15,000க்கு மேற்பட்ட மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். இன்ன மாதம் முழுக்க வந்தால் சான்றிதழ் என்று ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். அவர்கள் வருகையில் மாற்றமே இல்லை. இன்னொரு பகுதிக்கு முன்னறிவிப்பு இல்லாமல், முழு மாதம் வந்ததற்காகத் திடீரென்று கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அடுத்த மாதம் கூடுதலாக லீவு போட்டார்கள்! மற்ற பிள்ளைகளைவிட நாம் அதிகமாகவே வந்துவிட்டோம் போல என்று அந்தச் சான்றிதழிலிருந்து அவர்கள் புரிந்துகொண்டிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் இதே மாதிரி நடப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பரிசு என்றால் நல்லதுதானே நடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

அதோடு, லீவு எடுப்பது எப்போதும் பிள்ளையின் விருப்பமும் அல்ல. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவைக்கப்படுகிற பெண் பிள்ளைக்கு அந்தப் பரிசு எந்தக் காலத்திலும் கிடைக்காது. அத்தனைக்கும் நடுவில் பள்ளிக்கு வந்து சேர்கிறாளே, அவளைப் பாராட்ட வழி பாருங்கள்.

போன வருஷம் எங்கள் ஆண்டு விழா சாயங்காலம் 4 மணிக்குத் தொடங்கி இரவு 9.30க்கு முடிந்தது. கடைசியில் பரிசு வாங்கப் பிள்ளைகளே இல்லை. நிகழ்ச்சி நிரலை எப்படிப் போட வேண்டும்?
*பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், திசையன்விளை*

கணக்குப் போட்டுப் பாருங்கள், அம்மா. தமிழ்த்தாய் வாழ்த்து 55 வினாடி. நாட்டுப்பண் 52 வினாடி. இரண்டும் சேர்ந்து 107 வினாடி, முழுசாக இரண்டு நிமிஷம்கூட இல்லை. மீதி ஐந்தரை மணி நேரமும் நாம் இழுத்துவிட்டதுதான்.

பெரும்பாலும் நேரத்தைத் தின்பது பொன்னாடை. மேடையில் பதினைந்து நாற்காலி போட்டால் பதினைந்து பொன்னாடை, ஒவ்வொன்றுக்கும் யார் போர்த்துவது என்று ஒரு அறிவிப்பு, ஒரு போட்டோ. அப்புறம் அந்தப் பதினைந்து பேரும் "இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்" என்று எழுந்திருப்பார்கள். இதற்குள் இரண்டு மணிக்கே அரிதாரம் பூசி உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மை வழிய, பசியோடு, பாத்ரூம் போக முடியாமல் திரைக்குப் பின்னால் தவிக்கும். மேடையில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

மேடையில் ஐந்து நாற்காலி போதும், மற்ற பெரியவர்களுக்கு முன்வரிசை. வரவேற்பும் ஆண்டறிக்கையும் சேர்த்துப் பதினைந்து நிமிஷம். உடனே பரிசைத் தொடங்குங்கள். பரிசு முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். அதற்குத்தான் பரிசை மூன்றாகப் பிரிக்க வேண்டும். கொஞ்சம் பரிசு, இரண்டு நடனம், மறுபடி பரிசு. சிறப்பு விருந்தினரை நடுவில் பத்து நிமிஷம் பேசவிடுங்கள். பிள்ளைகளின் ஆட்டத்தை ஒன்றிரண்டு பார்த்த பிறகு பேசினால் அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். வெளியூர்ப் பிள்ளைகளின் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் முடிகிற மாதிரி நிரல் போடுங்கள்.

மேஜைப் பரிசுகளுக்கெல்லாம் வரிசை எண் ஒட்டுங்கள். அதே எண்ணுள்ள சீட்டு பிள்ளை கையில் இருக்கட்டும். எடுத்துக்கொடுக்க இரண்டு பிளஸ் ஒன் மாணவர்கள் போதும், ஆசிரியர்கள் மேஜையைச் சுற்றி மொய்க்க வேண்டாம்.

நேரம் மிச்சமாகும் இல்லையா, அதைப் பிள்ளைக்குக் கொடுங்கள். "நூறு மீட்டர், முதல் பரிசு" என்று பேரைக் கத்திவிட்டு அடுத்த பேருக்குப் போகாமல், "12.9 நொடியில் ஓடினான், ஷூ இல்லாமல்" என்று சொல்லுங்கள். கட்டுரையில் ஜெயித்தவள் நடந்து வருகிற நேரத்தில் அவள் எழுதியதிலிருந்து ஒரு வரியை மைக்கில் படியுங்கள். ஓவியத்தை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்கட்டும். ஒரு பிள்ளைக்குப் பத்து வினாடி வைத்தால் 120 பரிசுக்கு இருபது நிமிஷம்தான். பொன்னாடை நேரம் அதைவிட அதிகம்.

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன், சுமாரான மார்க்தான். நன்றாகப் பறை அடிப்பேன், தமிழ் நன்றாக வரும். என்னைப் போன்றவர்களுக்குப் பரிசளிப்பு விழாவில் இடம் உண்டா டீச்சர்?
*மாணவன், கயத்தாறு*

இல்லாமல் என்ன தம்பி? பறைக்குக் கலைத் திருவிழா இருக்கிறது. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கிறது. பள்ளியில் ஜெயித்தால் வட்டாரம், அப்புறம் மாவட்டம், மாநிலம். மாநிலத்தில் முதலில் வருகிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். உன் பேரை வகுப்பாசிரியரிடம் நீயே போய்க் கொடு, அவராகக் கூப்பிடுவார் என்று காத்திருக்காதே.

தமிழ் வரும் என்கிறாயே, பிளஸ் ஒன் மாணவர்களுக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வை எழுதினாயா? பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்துதான் கேள்வி வரும். மாநிலம் முழுக்க 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் மாதம் 1,500 ரூபாய் கொடுக்கிறார்கள். அதில் பாதி இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கே. வீட்டில் எட்டாம் வகுப்பில் தம்பி, தங்கை இருந்தால் என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வை எழுதச் சொல். தேர்வானால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் வரும்.

இதிலெல்லாம் ஜெயித்த பிள்ளைகளை ஆண்டு விழாவில் கூப்பிட மறந்துவிடுகிற பள்ளிகள் உண்டு. நீ ஜெயித்தால் முதல் ஆளாகப் போய் நினைவுபடுத்து, வெட்கப்படாதே.

மார்க் வாங்கிய பிள்ளைகளின் படத்தோடு சாலையில் ஃப்ளெக்ஸ் வைப்பது பற்றி?
*வாசகர், தூத்துக்குடி*

பள்ளிக்கூடம் தனக்கு வைத்துக்கொள்கிற விளம்பரம் அது. அனுமதியில்லாத பேனர் விழுந்து ஆள் செத்த மாநிலம் இது. பள்ளிச் சுவருக்கு உள்ளே எத்தனை வேண்டுமானாலும் வைக்கட்டும், பிள்ளையையும் பெற்றோரையும் கேட்டுவிட்டு.

பிள்ளைகள் வாங்கிய சான்றிதழ்களை எல்லாம் லேமினேட் செய்து வைக்கலாமா?
*இல்லத்தரசி, கோவில்பட்டி*

ஆண்டு விழாவில் கொடுத்த ஓவியப் போட்டி, மாறுவேடப் போட்டிச் சான்றிதழ்களைத் தாராளமாகச் செய்யுங்கள். பொதுத் தேர்வு மதிப்பெண் சான்றிதழையும் மாநில, தேசிய அளவு விளையாட்டுச் சான்றிதழையும் தொடாதீர்கள். பிற்காலத்தில் வெளிநாடு போக வேண்டி வந்தால் அவற்றின் பின்பக்கத்தில்தான் சரிபார்ப்பு முத்திரை குத்துவார்கள், பிளாஸ்டிக் மேல் மை பிடிக்காது. ஸ்டேஷனரிக் கடையில் ஏ4 அளவில் கண்ணாடி உறை வைத்த ஃபைல் கிடைக்கும், அதில் போட்டு வையுங்கள். நகல் எடுக்கிறபோது உறையிலிருந்து எடுத்தால் அன்றைக்கே திருப்பி வைத்துவிடுங்கள். ஜெராக்ஸ் கடை கண்ணாடிக்கு அடியில் மறந்து விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய.