பூமழை தவறினால் ஏற்காட்டு மலைக்கிராமங்கள் ஏன் காலியாகின்றன?

பிழைப்புக்காக மலையிறங்குவது வறுமையால்தானே, பருவநிலைக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் இரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது. காப்பிச் செடி பூக்கத் துணைசெய்யும் பூமழை, மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யவேண்டியது; அது தவறினால் அராபிகா காப்பிச் செடியின் மொட்டுகள் சரிவர விரியாமல் கருகும். அதன் அடி, ஆண்டின் இறுதியில் பழம் பறிக்கும் கூலியாட்களின் மீதே விழும். அப்போது மலையாளி எனப்படும், தமிழ் பேசும் இம்மலைப் பழங்குடியினரின் குடும்பங்கள் சில, முன்பணம் வாங்கிக்கொண்டு குடகுத் தோட்டங்களுக்கோ கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கோ செல்கின்றன. அனுப்பும் பணத்தில் ஓட்டுவீடு தளவீடாவது உண்மையே. ஆனால் முன்பணம் கழியும்வரை கூலி பேச வாயில்லாமல் போவதையே நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். ஊரில் பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளையின் படிப்பு தடைபடுகிறது. களையெடுக்க ஆளின்றிச் சாமைக்காடு தரிசாகிறது. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தால், சொந்த ஊர் அட்டையைக் கொண்டே குடகிலும் அரிசி வாங்கலாம், காப்பி பறித்துத் தேய்ந்த விரலின் ரேகை கருவியில் பதிந்தால்.