புறமுதுகு

கேள்வி: பாலருவிப் பக்கம் காட்டில் தீக்காக்கையைப் பார்த்தேன். அரை மணி நேரமாக முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தது. ஏன் அப்படி? அதன் வாழ்க்கை எப்படி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆரியங்காவு

பதில்: முதுகு என்று எழுதிவிட்டீர்கள், இனி விட மாட்டேன். முதுகில் புண்பட்டு விழுந்தவனைப் பெற்றவளே ஏற்காத ஊர் இது. இந்தப் பறவை பிழைப்பதே புறமுதுகில்தான். ஆணுக்கு வயிறு குங்குமச் சிவப்பு, முதுகு காய்ந்த இலை நிறம். ஆள் வந்தால் சிவப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தலையை மட்டும் வளைத்து நம்மை நோட்டம் விடும்.

பிலிம் ரோல் காலத்தில் ஒரு நண்பரோடு தென்மலைக் காட்டுக்குப் போனேன். 36 படம் எடுத்தார். கழுவிப் பார்த்தால் 36-ம் முதுகு. அட்டைப்படத்துக்கு ஒன்றும் தேறவில்லை. கேமரா வாடகையை இன்னும் என்னிடம் கேட்கிறார்.

இது காக்கை இனமே இல்லை. அதைக் கேட்க ஆளில்லை. 'தீக்காக்கை மலையாளச் சொல், தமிழ்ப் பத்திரிகையில் எதற்கு?' என்று தென்காசிப் பெரியவர் ஒருவர் நான்கு அஞ்சலட்டை போட்டுவிட்டார். ஐயா, அவர்கள் 'தீக்காக்க' என்கிறார்கள். தீயும் காக்கையும் நம் வீட்டிலும் உண்டு. ஐந்தாவது அட்டை வேண்டாம். கால் விரலைப் பாருங்கள், அது சுவாரசியம். கிளிக்கும் இரண்டு விரல் பின்னோக்கித்தான். ஆனால் முதலாவதும் நான்காவதும். தீக்காக்கைக் குடும்பத்துக்கு முதலாவதும் இரண்டாவதும். வேறெந்தப் பறவைக்கும் இப்படிக் கிடையாது.

சரி, வாழ்க்கை. அசையாமல் இருந்து, பூச்சி கண்ணில் பட்டதும் பாய்ந்து பிடிக்கும். மழைக்கு முன், பிப்ரவரியிலிருந்து மே வரை இனப்பெருக்கம். உளுத்துப்போன அடிமரத்தை அலகாலேயே குடைந்து, பெரும்பாலும் இரண்டு முட்டை. குடையவே ஏறக்குறைய ஒரு மாதம். அலகு மரங்கொத்தி அலகல்ல, பாவம்; உளுத்த மரம்தான் கதி. 'பட்ட மரத்தை வெட்டிக் காட்டைச் சுத்தம் செய்கிறோம்' என்று கிளம்புகிறவர்களிடம் இதற்காகவே எனக்குப் பழைய சண்டை. காடென்ன, கல்யாண மண்டபமா, கூட்டிப் பெருக்க? 19 நாள் அளவில் குஞ்சு பொரியும். முதலில் கம்பளிப்புழு, அப்புறம் வெட்டுக்கிளி. கூட்டை விட்டு வந்த பிறகும் ஐந்தாறு மாதம் பெற்றோர்தான் ஊட்ட வேண்டும்.

பெயரை மறைத்தாலும் உறையில் முகவரி இருக்கிறது, அன்பரே. உங்கள் சந்தா மார்ச்சோடு முடிந்தது. இரண்டு நினைவூட்டல் போட்டோம். நீங்கள் திரும்பவே இல்லை.