அளந்த பிறகு வாங்குங்கள்: வீட்டில் என்ஜின் வேலை பார்ப்பவர்களின் கேள்விகள்

போன முறை பழைய கார் வாங்குவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல, ஏற்கெனவே வீட்டில் நிற்கும் காரின் என்ஜினைப் பற்றியவை. அநேகமாக எல்லாமே மாருதி 800. அதனால் இந்த முறை முழுக்க அதுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

2003 மாடல் மாருதி 800. நீலப் புகை வருகிறது, ஆயிலும் குறைகிறது. மெக்கானிக் முழு என்ஜின் வேலைக்கு 38,000 ரூபாய் சொல்கிறார். என்னிடம் 18,000 தான் இருக்கிறது. தம்பி ஐ.டி.ஐ. படித்தவன். வீட்டிலேயே பிரித்துச் செய்யலாமா?
— ஈரோடு வாசகர்

செய்யலாம். ஆனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு தடவை குப்பென்று விட்டுவிட்டு அப்புறம் சுத்தமாக ஓடினால், பெரும்பாலும் வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் போயிருக்கும். அதற்கு முழு என்ஜின் வேலை தேவையில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புகை என்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங், சிலிண்டர் தேய்மானம்.

அதை உறுதி செய்ய, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்று போதும். இரவல் கிடைத்தால் வாங்க வேண்டாம். மூன்று சிலிண்டரிலும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டுத் திரும்ப அளங்கள். அளவு ஏறினால் கோளாறு ரிங்கிலோ சிலிண்டரிலோ இருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வையோ, என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் சிலிண்டர் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகப்படுங்கள். இதைச் செய்யாமலே முழு வேலை என்று தொகை சொல்பவரிடம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பிரிக்க வேண்டியதுதான் என்று தெரிந்துவிட்டால், எந்த வேலை எங்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள். கழற்றுவது, கழுவுவது, வால்வைப் பேஸ்ட் போட்டு உட்கார வைப்பது, ரிங் மாட்டுவது, திரும்பச் சேர்ப்பது இவையெல்லாம் வீட்டில் நடக்கும். போரிங் (சிலிண்டரைப் பெரிதாகக் கடைவது), ஹோனிங் (அதன் உள்சுவரைக் கல்லால் தேய்ப்பது), கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைக் கடைவது), ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் முகத்தைச் சமமாக்குவது) நான்கும் லேத்துப் பட்டறைக்குத்தான். நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவது கூலியில். பேரிங், ஹெட் கேஸ்கட், ஆயில் சீல், டைமிங் பெல்ட் இவற்றில் மிச்சம் பிடிக்க நினைத்தால் அதே வேலையை இன்னொரு தடவை செய்ய நேரும்.

கழற்றும்போது ஒவ்வொரு கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஜோடி மாறாதபடி குறி வையுங்கள். உங்கள் என்ஜினின் சிலிண்டர் ஸ்டாண்டர்டு அளவு 68.5 மி.மீ. பிளாக்கை லேத்துக்குக் கொண்டுபோய் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்து, எழுதித் தரச் சொல்லுங்கள். சிலிண்டரின் உச்சியில் விரல் நகத்தை வைத்து மேலே இழுத்துப் பாருங்கள். நகம் படியில் முட்டுவதுபோல் நின்றால் தேய்மானம் நன்றாகவே இருக்கிறது. அளவு வரம்புக்குள் இருந்தால் ஹோனிங் செய்து புது ரிங் போட்டாலே போதும்.

அந்த ரிங்கையும் அப்படியே மாட்டிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். 25 மி.மீ. விட்டத்துக்கு 0.1 மி.மீ. என்பது பொதுக்கணக்கு. உங்கள் சிலிண்டருக்குக் கால் மி.மீட்டரைச் சற்றுத் தாண்டும். இடைவெளி போதாவிட்டால், என்ஜின் சூடேறியதும் ரிங்கின் இரு முனையும் முட்டிக்கொண்டு சிலிண்டரைக் கீறிவிடும். 18,000-க்குள் அடங்குமா என்பதை அந்த அளவுச் சீட்டு கையில் வந்த பிறகுதான் சொல்ல முடியும். அதுவரை ஒரு சாமானும் வாங்காதீர்கள்.

பழைய ஹெட் கேஸ்கட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. துடைத்துத் திரும்பப் போடலாமா?
— கரூர் வாசகர்

கூடாது.

ஆன்லைனில் தள்ளுபடி இருந்ததால் 0.50 ஓவர்சைஸ், அதாவது ஸ்டாண்டர்டு அளவைவிட 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன், ரிங் செட் வாங்கிவிட்டேன். என்ஜினை இப்போதுதான் பிரித்தோம். லேத்துக்காரர் 0.25 போதும் என்கிறார். வாங்கியது வீணாகக் கூடாது, 0.50-க்கே போரிங் செய்துவிடலாமா?
— மதுரை வாசகர்

என்ஜினைப் பிரிக்காமல், அளக்காமல் எதற்காக வாங்கினீர்கள்? இப்படிக் கடிதம் வராத வாரமே இல்லை. தள்ளுபடி அடுத்த மாதமும் வரும், சுரண்டி எடுத்த இரும்பு திரும்பி வராது. இன்றைக்கு 0.25-இல் நிறுத்தினால், பல வருடம் கழித்து 0.50 என்ற இன்னொரு வாய்ப்பு அந்த பிளாக்குக்கு மிச்சமிருக்கும். இப்போதே 0.50-க்குப் போய்விட்டால் அடுத்தது சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்கும் ஸ்லீவ்தான்.

பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால் உடனே திருப்பி அனுப்புங்கள். கெடு தாண்டிவிட்டால் விற்றவர்மேல் குற்றமில்லை. பொருளில் குறை இருந்தால் கேட்கலாம், தவறான அளவை நீங்களே கேட்டு வாங்கியதற்கு யாரும் பொறுப்பல்ல.

புதிதாக வாங்கும் பிஸ்டனை பிளாக்கோடு சேர்த்தே லேத்தில் கொடுங்கள். பிஸ்டனை அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளி விட்டுத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். பிஸ்டனைக் கேட்காமலே போரிங் செய்து தருகிறேன் என்பவரிடம் பிளாக்கை விடாதீர்கள்.

ஊரில் எல்லா மெக்கானிக்கும் கைக்கணக்கில்தான் போல்ட்டை முறுக்குகிறார்கள். முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் 1,400 ரூபாய்க்கு ஆன்லைனில் இருக்கிறது. வாங்கலாமா?
— திண்டுக்கல் வாசகர்

டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டும். அலுமினிய ஹெட்டை ஒரு பக்கம் கூடுதலாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் முறுக்கினால் கேஸ்கட் கசியும், ஹெட் வளையும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு, சில சுற்றுகளாக முறுக்க வேண்டும். அதற்கு முன், ஹெட்டின் முகத்தில் நேர்ச்சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். 0.05 மி.மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபேசிங்குக்கு அனுப்புங்கள்.

ஆனால் மலிவான ரெஞ்சைச் சோதிக்காமல் நம்பக் கூடாது. சோதனை எளிது. ரெஞ்சின் சதுர முனையை வைஸில் கடித்து, கைப்பிடியைக் கிடைமட்டமாக வைத்து, முனையிலிருந்து 50 செ.மீ. தள்ளி 10 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். அந்த முறுக்குவிசை 5 கிலோகிராம்-மீட்டர், அதாவது சுமார் 49 நியூட்டன் மீட்டர். கைப்பிடி அவ்வளவு நீளம் இல்லை என்றால் 25 செ.மீ. தூரத்தில் 20 கிலோ. ரெஞ்சை அந்த அளவில் வைத்தால் அதையொட்டியே ‘கிளிக்’ வர வேண்டும். நான் வாங்கிய ஒரு மலிவு ரெஞ்ச், எடையை ஏற்ற ஏற்றச் சத்தமே போடவில்லை. விற்றவர் ஏழு நாள் தாண்டிவிட்டது என்று கையை விரித்துவிட்டார். பொருள் வந்த அன்றைக்கே சோதித்துவிடுங்கள், திருப்பி அனுப்ப அவகாசம் இருக்கும். வாடகைக்கோ இரவலுக்கோ நல்ல ரெஞ்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு என்ஜினுக்கு அது ஒரு நாள் வேலைதான்.

போரிங் முடிந்து வந்த பிளாக்கை டீசல் விட்டுக் கழுவினால் போதாதா?
— தஞ்சாவூர் வாசகர்

போதாது. ஹோனிங் கல்லின் பொடி சிலிண்டர் வரிகளுக்குள் ஒட்டியிருக்கும். டீசல் எண்ணெய்ப் பிசுக்கைத்தான் எடுக்கும். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுத் தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை தேயுங்கள். ஆயில் போகும் துளைகளிலும் குறுகிய பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, உடனே ஆயில் பூசுங்கள். விட்டால் அன்றைக்கே துரு பிடிக்கும்.

என் கணவர் ஒரே ஒரு காரை வைத்து அவரே டாக்ஸி ஓட்டுகிறார். நகையை அடகு வைத்து என்ஜின் வேலைக்கு 45,000 கொடுத்தோம். மூன்றே வாரத்தில் என்ஜின் ஜாம். மெக்கானிக், “ஆயில் பார்க்காமல் ஓட்டிவிட்டீர்கள்” என்கிறார். பில் தரவில்லை. 30,000 யு.பி.ஐ.யில் அனுப்பினோம், மீதி கையில் கொடுத்தோம். டாக்ஸிக்கு நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்கிறாரே?
— சேலம் வாசகி

சகோதரி, அவர் சொல்வது தவறு. வியாபாரத்துக்காக வாங்கும் சேவை சட்டத்துக்குள் வராது என்பது பொதுவிதி. ஆனால் ஒருவர் தன் பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்யப் பயன்படுத்துவதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. ஒரே காரை உங்கள் கணவரே ஓட்டுகிறார், ஆகவே அவர் நுகர்வோர்தான்.

முதல் காரியம், அந்த என்ஜினை அதே மெக்கானிக் பிரிக்க விடாதீர்கள். வேறொரு பட்டறையில், வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். பேரிங்குகளை எடுத்து அரிசிப் பையிலாவது போட்டு, எது எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். சாம்பல் நிறப் பூச்சு முழுக்கப் போய்ச் செம்பு நிறம் தெரிந்து, வெப்பத்தில் கறுத்திருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை. பள்ளம் பள்ளமாக வரி விழுந்து பொடி பதிந்திருந்தால், மேலே சொன்ன கழுவாத கோளாறாக இருக்கலாம். ஆயில் குறைந்ததா, பட்டறைக் குறையா என்ற சண்டையில் உங்களுக்காகப் பேசப்போவது இந்தத் துண்டுகள்தான். பிரித்த பட்டறையிடம் கையெழுத்தோடு ஓர் அறிக்கை வாங்குங்கள்.

யு.பி.ஐ. ரசீது, வாட்ஸ்அப்பில் பேசிய குரல் பதிவுகள், வண்டி பட்டறையில் நின்ற படங்கள் எல்லாமே சாட்சி. வேலைக் குறையையும் கேட்கும் தொகையையும் எழுதி, 15 நாள் கெடு வைத்து, ஒப்புகைச் சீட்டோடு விரைவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அப்படியும் மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் நகைக்கு வட்டி ஓடுகிறது, தள்ளிப்போடாதீர்கள்.

பில் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதிக்கு வரும் அழுகையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. “பில் வேணும்னா 18 பர்சன்ட் கூடும்” என்று சொன்னதும் நாம் வேண்டாம் என்று தலையாட்டிவிடுகிறோம். பட்டறையின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை, பதிவில்லாதவர் அந்த வரியை வசூலிக்கவும் முடியாது. ஆனால் வெள்ளைத் தாளில் கையெழுத்திட்ட ரசீதுக்கு எந்த வரியும் தடையில்லை. பில் தராமல் இருப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் எழுதாவிட்டால், 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே கணக்குதான். “விற்ற பொருள் வாபஸ் இல்லை” என்று அச்சடித்துவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது.

ஒரு ஆயில் பம்பைப் பில் இல்லாமல் வாங்கி வந்து, ஷாஃப்ட் ஆடுகிறது என்று மறுநாள் திருப்பிக் கொண்டுபோனேன். “இது எங்க கடைச் சரக்கே இல்லை” என்றார் கடைக்காரர். முந்தின நாள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் அவர். அன்றிலிருந்து கேட்டு வாங்காமல் கடைப்படி இறங்குவதில்லை. என்ஜின் வேலை ரசீதில் வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், போரிங் அளவு, கிராங்க் எவ்வளவு கடைந்தது, எந்தக் கம்பெனிச் சாமான், தேதி, தொகை இவ்வளவும் இருக்கட்டும். எழுதித் தர மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் 800-க்கு முழு என்ஜினே 15,000-க்குக் கிடைக்கிறது. வேலை பார்ப்பதைவிட அதுவே லாபம்தானே?
— செங்கல்பட்டு வாசகர்

என்ஜின் நம்பர் உங்கள் ஆர்.சி.யில் இருக்கிறது. என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். அதற்கு அந்த என்ஜின் எந்த வண்டியில் இருந்து வந்தது என்பதற்கான காகிதம் வேண்டும். காகிதம் தராத கடையில் வாங்கினால், அது திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள். நம்பரைச் சுரண்டியிருந்தால் விலைகூடக் கேட்காமல் திரும்பி வாருங்கள். அங்கே பழைய ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், கார்புரேட்டர் வாங்கலாம். பழைய பேரிங்கும் ரிங்கும் வேண்டாம்.

வாசல் மாமரக் கிளையில் செயின் பிளாக் கட்டி என்ஜினை இறக்கலாமா?
— தென்காசி வாசகர்

வேண்டாம். இரும்புக் குழாயில் செய்த முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கிடைக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஸ்டாண்ட் வைக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

என்ஜின் சாமான் பெட்டியில் கம்பெனிப் பெயர் இருக்கிறது, எம்.ஆர்.பி. இல்லை. கடைக்காரர் ஒரிஜினல் என்கிறார்.
— திருப்பூர் வாசகர்

வாங்காதீர்கள். தயாரித்தவரின் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி., புகார் எண் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

20 வயது தாண்டிய கார். ஆர்.சி. இன்னும் நாலு மாதத்தில் முடிகிறது. அப்பா ஓட்டிய வண்டி. இப்போது என்ஜின் வேலை பார்க்கலாமா, ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டுப் பார்க்கலாமா?
— நாகர்கோவில் வாசகர்

இரண்டுக்கும் முன்னால் பாடியைப் பாருங்கள். கடலோரக் காற்றில் தளத்தகடு உளுத்திருக்கலாம். காருக்குள் இருக்கும் தரைவிரிப்பைத் தூக்கி, கதவுக்குக் கீழேயும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களிலும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் முதலில் வெல்டிங் செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள். 20 வயது தாண்டிய காருக்கு மறுபதிவுக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள், பசுமை வரி தனி. புதுப்பித்தால் ஐந்து வருடம் ஓட்டலாம்.

பாடி தேறினால் என்ஜின் வேலையை இப்போதே முடித்துவிடுங்கள். நீலப் புகை விடும் வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. வேலை முடிந்ததும் முதல் ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாற்றிவிட்டு, சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிய பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தேதி வாங்குங்கள்.